விரல் படாத காகிதம்

குண்டாற்றுப் பல்கலைக்கழகத்தின் கொள்முதல் பிரிவுத் துணைப் பதிவாளர் ஞானசிகாமணிக்கு, ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விருது கிடைத்தது. தொல்லை எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

விருது கிடைத்தது காகிதம் வாங்கியதற்கு. காகிதம் வாங்கியதற்கெல்லாமா விருது என்று கேட்பவர்களுக்கு அந்தக் காலத்து நிலவரம் தெரியாது. யார் குரலிலும் யாரும் பேசலாம், யார் கையெழுத்தையும் எந்தக் கணினியும் போடலாம் என்று ஆகிவிட்ட பிறகு, திரையில் தெரிகிற எதையும் நம்புவதற்கில்லை என்று நீதிமன்றங்கள் முடிவு கட்டிவிட்டன. மை காய்ந்த அசல் காகிதம்தான் சாட்சி. நகலுக்கு மதிப்பில்லை. காகிதத்தின் காலம் முடிந்துவிட்டது என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த உலகம், அவசர அவசரமாக மறுபடி அச்சடிக்க ஆரம்பித்தது. மரங்கள் விழுந்தன. விழுந்த மரங்களுக்காக அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. பல்கலைக்கழகங்கள் அச்சுப் பொருள்களைப் பொறுப்போடு வாங்க வேண்டும். யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று அளக்க ஒரு பசுமைத் தரவரிசை. வரிசையில் மேலே போனால் மானியம். கீழே போனால் துணைவேந்தருக்கு அமைச்சர் அலுவலகத்திலிருந்து போன்.

குண்டாற்றுப் பல்கலைக்கழகம் தரவரிசையில், அந்த ஆற்றில் தண்ணீர் கிடக்கிற இடத்தில் கிடந்தது. அடியில், அதுவும் சில மாதங்களில் மட்டும்.

இந்த நேரத்தில்தான் 'புவித்தளிர்' என்ற கம்பெனியிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் வந்து, ஞானசிகாமணியின் மேசையில் ஒரு கட்டுத் தாளை வைத்தார். லேசான பழுப்பு நிறம். தடவினால் வழவழவென்று இருந்தது.

"சீமைக் கருவேலம் சார்," என்றார் இளைஞர்.

"அந்த முள்ளா?"

"அதே முள்தான். வெட்டினா யாரும் சண்டைக்கு வராத ஒரே மரம். உங்க வளாகத்தைச் சுத்தியே காடா வளர்ந்து கிடக்கு. ஆனா விசேஷம் அது இல்ல சார். இந்தத் தாளுக்குள்ள ஒரு பூஞ்சை தூங்குது. மனுஷ விரல் பட்டா, விரல்ல இருக்கற உப்பும் ஈரமும் அதைத் தூங்க வைக்கும். ஒரு பருவம் முழுக்க யார் கையும் படலேன்னா முழிச்சுக்கும். முழிச்சா அதுக்குப் பசிக்கும். தாளைத் தின்னுடும். மிச்சம் நல்ல மண். தொட்டியில போட்டு ரோஜா வைக்கலாம்."

"முக்கியமான காகிதமா இருந்தா என்னப்பா செய்யறது?"

"முக்கியமான காகிதத்தை யாராவது படிப்பாங்கல்ல சார்?"

முப்பது வருட அலுவலக அனுபவம் உள்ள ஒருவரிடம் இதற்குப் பதில் இருந்திருக்க வேண்டும். ஞானசிகாமணியிடம் இல்லை. சொல்லப்போனால் அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துப்போனது. பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கைகள், கட்டுப் பிரிக்காமலேயே லாரியில் ஏறிப் பழைய பேப்பர் கடைக்குப் போவதை அவர் வருடாவருடம் பார்த்து வந்தவர். அந்த லாரி போகும்போதெல்லாம் ஏதோ ஒரு காட்டைத் தானே வெட்டிச் சாய்த்த மாதிரி அவருக்கு இருக்கும். படிக்கிற தாள் நிலைக்கட்டும், படிக்காத தாள் மண்ணுக்குப் போகட்டும். இதைவிட நியாயமான காகிதம் இருக்க முடியாது என்று அவர் மனதார நம்பினார்.

தொழில்நுட்பக் குழு கூடியது. தாவரவியல் துறைத் தலைவர் பேராசிரியர் தயாபரன் மாதிரிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்தத் தாள்தான் எதிர்காலம் என்று உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். ஒரு பேராசிரியர் காகிதத்துக்காக இவ்வளவு உருகுவதை ஞானசிகாமணி அதற்குமுன் பார்த்ததில்லை. சந்தேகப்பட்டிருக்கலாம். நெகிழ்ந்துபோனார்.

தாள் வந்தது. ஊழியர்கள் அதற்கு மண்தாள் என்று பெயர் வைத்தார்கள். விண்ணப்பம், விடைத்தாள், ஆய்வேடு, ஆணை, அழைப்பிதழ், எல்லாம் இனி மண்தாளில்தான் என்று ஞானசிகாமணியின் கையெழுத்தில் சுற்றறிக்கை போனது. வேகம் போதாது என்று நினைத்த துணைவேந்தர், நூலகத்தில் இருந்த பழைய ஆய்வேடுகளையும் மண்தாளில் மறு அச்சுப் போட்டு, மூலப் பிரதிகளை மறுசுழற்சிக்கு அனுப்பச் சொன்னார். பல்கலைக்கழகம் தரவரிசையில் முதல் பத்துக்குள் ஏறியது. ஞானசிகாமணிக்கு விருதும், ஒரு வேப்பங்கன்றும், துணைவேந்தர் பக்கத்தில் நின்று ஒரு புகைப்படமும் கிடைத்தன. புகைப்படத்தில் அவருடைய பாதி முகம் துணைவேந்தரின் மாலைக்குப் பின்னால் இருந்தது.

அடுத்த பருவம் முடிந்தபோது, தன்னிடம் உள்ளவற்றில் எதை யாரும் படிப்பதில்லை என்பதைப் பல்கலைக்கழகம் தெரிந்துகொண்டது.

முதலில் போனது துணைவேந்தரின் உரைத் தொகுப்பு. கண்ணாடி அலமாரியில் தோல் அட்டைகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. உள்ளே செம்மண். அடுத்து ஆய்வேடுகள். நூலகத்தின் இரண்டாம் தளத்தில் நடந்தால், புதுசாக உழுத வயலில் நடக்கிற வாசனை அடித்தது. தங்கள் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாங்களே வந்து தடவிக்கொடுத்துவிட்டுப் போகிற பேராசிரியர்களை அங்கே பார்க்க முடிந்தது. சிலர் சக பேராசிரியரின் ஆய்வேடு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவும் வந்தார்கள். பார்த்தார்கள், தொடவில்லை.

இப்படியே விட்டால் பல்கலைக்கழகமே மிஞ்சாது என்று புரிந்ததும், நிர்வாகம் ஒரு தீர்வு கண்டுபிடித்தது. புதிய பதவி: விரல் பணியாளர். சொல்கிற கோப்பை எடுத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டித் தொட்டுவிட்டு, திரும்ப வைக்க வேண்டும். மேல் அட்டையை மட்டும் தடவினால் போதாது. படிக்க வேண்டிய அவசியமில்லை. தகுதி, முனைவர் பட்டம். வேலையில்லாத முனைவர்கள் ஏராளமாக இருந்ததால் ஆள் கிடைப்பதில் சிரமம் இல்லை. ஒப்பந்த வேலைதான், விரலில் தோல் தடித்துவிட்டால் ஒப்பந்தம் ரத்து. எந்தக் கோப்பைத் தொட வேண்டும், எதைத் தொட வேண்டியதில்லை என்று பதிவாளர் அலுவலகம் சொல்லும்.

அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. பதிவாளர் கோமதிநாயகத்துக்கு மட்டும் முதல் நாளே உறைத்துவிட்டது.

அந்த வாரத்தில்தான் முத்துப்பேச்சி கொள்முதல் பிரிவுக்கு வந்தாள். தாவரவியலில் ஆய்வு மாணவி. காரியாபட்டிப் பக்கத்துப் பெண். வாசலிலேயே நின்று, "சார், வேற தாள் ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"வேற தாள்னா?"

"பழைய தாள். மண்ணாகாத தாள்."

"அதெல்லாம் இப்ப கூடாதும்மா. மரத்தாள்ல எழுதினா எந்தப் பிரிவுலயும் வாங்க மாட்டாங்க. என்ன எழுதணும்?"

"புகார். எங்க கைடு மேல. என்னோட ஆராய்ச்சியைத் தன்னோடதுன்னு சொல்லி வித்துட்டார்."

எந்த ஆராய்ச்சி என்று ஞானசிகாமணி கேட்கவில்லை. ஆய்வு மாணவர்களின் ஆராய்ச்சியை வழிகாட்டிகள் எடுத்துக்கொள்வது பல்கலைக்கழகத்தில் செய்தியே அல்ல. ஆனாலும் அந்தப் பெண் நின்ற நிலை அவருக்குச் சங்கடமாக இருந்தது. உட்காரச் சொன்னார்.

"மண்தாள்ல எழுதிக் குடும்மா. பதிவாளர் மேசைக்குப் போற புகார். ஒரு தடவையாவது கையில எடுக்காம இருப்பாரா? கையில எடுத்தா அது சாகாது."

"எடுக்கலேன்னா?"

"புகார்ம்மா அது. எப்படி எடுக்காம இருப்பாங்க?"

அவர் குரலில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து, முத்துப்பேச்சி தன் சந்தேகத்துக்காக வெட்கப்பட்டது போலத் தலையை ஆட்டினாள். அவரிடமே தாள் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து எழுதி, உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு போனாள். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு ஞானசிகாமணி மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்.

பருவம் முடிந்து விடுமுறை விட்டபின் அவள் திரும்ப வந்தாள். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பதிலை மேசைமேல் வைத்தாள். முத்துப்பேச்சி என்பவரிடமிருந்து பெறப்பட்ட புகார் எதுவும் இவ்வலுவலகத்தில் இருப்பில் இல்லை என்று அதில் இருந்தது. வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. இருப்பில்தான் இல்லை.

"உறையைப் பிரிக்கவே இல்லையாம் சார்," என்றாள். "பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. தபால் பிரிவு அக்கா சொன்னாங்க."

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"ஒண்ணு கேட்கவா சார்? நான் என்ன புகார் எழுதினேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஆராய்ச்சின்னு சொன்னே."

"இந்தத் தாள்தான் சார் என் ஆராய்ச்சி." மேசைமேல் கிடந்த மண்தாளை அவள் விரலால் தட்டினாள். "சீமைக் கருவேலம் லேசுல கூழாகாது. அதைக் கூழாக்கற பூஞ்சையை நான்தான் எங்க ஊர்க் கண்மாய்க் கரையில பட்டுப்போன மரத்துல கண்டுபிடிச்சேன். கூழ் நல்லா வந்துச்சு, தாளும் நல்லா வந்துச்சு. ஆனா பூஞ்சை முழுசாச் சாகலை. உள்ளேயே தூங்கிக்கிட்டு இருந்து, கை படாத தாளையெல்லாம் தின்னுச்சு. அதை எப்படிக் கொல்றதுன்னுதான் ரெண்டு வருஷமாப் போராடிக்கிட்டு இருந்தேன். என் ஆய்வேட்டுல அந்த அத்தியாயத்துக்கு 'குறைபாடுகள்'னு தலைப்பு."

"குறைபாடா?"

"குறைபாடுதான். எங்க தயாபரன் சார் அதை அப்படியே கம்பெனிக்கு எடுத்துட்டுப் போயி, சிறப்பம்சம்னு வித்துட்டார். நீங்க வாங்கிட்டீங்க."

தொழில்நுட்பக் குழுவில் தயாபரன் உருகியது ஞானசிகாமணிக்கு ஞாபகம் வந்தது. தான் நெகிழ்ந்ததும் ஞாபகம் வந்தது. சுவரில் மாட்டியிருந்த விருதை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பதிவாளர் கோமதிநாயகத்தின் அறை குளிர்சாதனத்தில் சில்லென்று இருந்தது. சன்னலோரம் வரிசையாகத் தொட்டிகளில் ரோஜாச் செடிகள், ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பூ. அந்த வறண்ட பூமியில் அப்படி ரோஜா பூப்பதை யாரும் பார்த்திருக்க முடியாது. பதிவாளர் ஒரு தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"வாங்க சிகாமணி. உட்காருங்க. விருது வாங்கினதுல இருந்து இந்தப் பக்கமே வரலையே."

"தாவரவியல் மாணவி ஒரு புகார் குடுத்துச்சு சார்."

"குடுத்துச்சா?"

"நான்தான் தாள் குடுத்தேன். என் கண் முன்னாலதான் எழுதுச்சு."

"எழுதினதைப் பார்த்திருப்பீங்க. படிச்சீங்களா?"

"இல்ல."

"நானும் படிக்கலை." பதிவாளர் கையைத் தட்டிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "பாருங்க சிகாமணி. கோப்பை அழிச்சா அது குற்றம். தண்டனை உண்டு. இங்க யாரும் எதையும் அழிக்கலை. படிக்காம இருக்கறது குற்றம்னு எந்தச் சட்டத்துல இருக்கு? இருந்தா சொல்லுங்க, நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன்."

"அந்தப் பொண்ணோட ஆறு வருஷ உழைப்பு சார்."

"யாரு இல்லேன்னா? விடுதிச் சாப்பாட்டைப் பத்திப் புகார், உதவித்தொகை வரலேன்னு புகார், வாத்தியார் கையைப் பிடிச்சு இழுத்தார்னு புகார். முன்னெல்லாம் இதுக்கு ஒவ்வொண்ணுக்கும் கமிட்டி போடணும், கமிட்டிக்கு டீ வாங்கிக் குடுக்கணும், அறிக்கையை மறைச்சு வைக்கணும். பெரிய ரோதனை. இப்ப ஒரு பருவம் சும்மா இருந்தாப் போதும். உண்மையைச் சொல்றேன், இந்த நிர்வாகத்துக்கு நீங்க செஞ்ச மாதிரி ஒரு உபகாரத்தை யாரும் செஞ்சதில்லை."

ஞானசிகாமணி ரோஜாக்களைப் பார்த்தார். அவற்றில் எது விடுதிச் சாப்பாடு, எது உதவித்தொகை என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து வெளியே வந்தார்.

ஞானசிகாமணி வீரர் அல்ல. சர்வீஸ் முழுக்க ஒரு தடவைகூட மேலதிகாரியை எதிர்த்துப் பேசாதவர். கோபம் வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். காகிதம் எடுத்துக் கொடுத்தார். சரக்கறையின் மூலையில், ஒழிக்க மறந்த பழைய மரத்தாள் கட்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்து முத்துப்பேச்சியிடம் நீட்டி, "இதுல எழுதும்மா. இது மண்ணாகாது. யார் என்ன கேட்டாலும் நான் குடுத்தேன்னு சொல்லு," என்றார்.

அவள் இரண்டாம் தடவை புகாரை எழுதினாள். தபால் பிரிவில் நீட்டினாள். தாளின் வெள்ளையைப் பார்த்ததும் தபால் பிரிவே எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. பசுமைக் கண்காணிப்புக் குழுவுக்குத் தகவல் போய், பச்சைச் சட்டை போட்ட இருவர் வந்து, புகாரைச் சுற்றுச்சூழல் விரோதப் பொருள் என்று பறிமுதல் செய்து, அவள் கண்ணெதிரே கூழாக்கும் தொட்டியில் போட்டார்கள். தாள் யார் கொடுத்தது என்று கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. ஞானசிகாமணி தானே எழுந்து வந்து சொன்னார்.

அன்று சாயங்காலமே அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். மரத்தாளைப் பதுக்கியது, மரத்தாளைப் பயன்படுத்தத் தூண்டியது, விருது பெற்றவர் என்ற முறையில் நிறுவனத்தின் பசுமைப் பெயருக்குக் களங்கம் விளைவித்தது, சுற்றுச்சூழலுக்கு எதிரான மனப்பான்மை கொண்டிருந்தது என்று குற்றச்சாட்டுகள். கடைசிக் குற்றச்சாட்டைப் படித்துவிட்டு அவர் மனைவி ரூபாவதி, "வீட்டுல ஒரு கொத்தமல்லித் தழையைக்கூட வீணாக்க விடமாட்டீங்க. உங்களுக்கா எதிரான மனப்பான்மை?" என்றாள்.

"விளக்கம் கேட்டிருக்காங்க. எழுதணும்."

"எழுதுங்க. எதுல எழுதுவீங்க?"

"மண்தாள்லதான். வேறெதுலயும் வாங்க மாட்டாங்களே."

விளக்கம் எழுத உட்கார்ந்தபோதுதான் ஞானசிகாமணிக்கு ஒரு சிக்கல் புரிந்தது. மரத்தாளை ஏன் கொடுத்தீர் என்பது கேள்வி. ஒரு புகாரைக் காப்பாற்ற என்பது பதில். எந்தப் புகார்? காட்ட ஒன்று வேண்டுமே. ஆதாரம் இணைக்காத விளக்கத்தை அவர் வாழ்நாளில் எழுதியதில்லை. முத்துப்பேச்சியை வீட்டுக்கு வரச் சொன்னார்.

சாப்பாட்டு மேசையில் ரூபாவதி பாத்திரங்களை ஒதுக்கிக் கொடுத்தாள். முத்துப்பேச்சி மூன்றாம் தடவையாக எழுத ஆரம்பித்தாள். முதல் தடவை எழுதியபோது அவள் அழுதாள். இரண்டாம் தடவை கோபத்தில் பேனா முனை உடைந்தது. இந்தத் தடவை நிதானமாக, பூஞ்சையைக் கண்டெடுத்த கண்மாய்க் கரையிலிருந்து தொடங்கி, குறைபாடுகள் அத்தியாயம் வரை, ஒன்றுவிடாமல் எழுதினாள். தயாபரன் எந்தெந்தக் கூட்டத்தில் அவள் பேச்சை எப்படித் தன் பேச்சாக்கினார் என்பது வரை எழுதினாள். ரூபாவதி நடுவில் காபி வைத்துவிட்டு, அவள் தோள்வழியாக ஒரு பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

"இதுவும் மண்ணாத்தான் போகும் சார்," என்றாள் முத்துப்பேச்சி, கையெழுத்துப் போட்டுவிட்டு.

"போகலாம். ஆனா இணைப்பு இல்லாம விளக்கம் குடுக்க எனக்கு மனசு வரலை."

விளக்கம் ஒரே பக்கம். இணைப்பு பக்கம் பக்கமாக. பதிவாளர் முதல் பக்கத்தைப் படித்தார். மரத்தாள் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்தது. அது போதும் அவருக்கு. இணைப்பைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் அந்த அலுவலகத்தில் யாருக்கும் கிடையாது. குற்றவாளியே ஒப்புக்கொண்ட இந்த அருமையான காகிதம் மண்ணாகிவிடக் கூடாதே என்று அவர் கவலைப்பட்டார். வழக்கு முடிய இன்னும் எத்தனை பருவம் ஆகுமோ. எனவே கோப்பின் மேல் சிவப்பு மையில் தன் கையாலேயே எழுதினார்: மிக முக்கியம், விரல் பணியாளர் ஒவ்வொரு தாளையும் வாரந்தோறும் தவறாமல் தொட்டுப் பராமரிக்க வேண்டும்.

ஞானசிகாமணிக்கு இது எதுவும் தெரியாது. வீட்டில் உட்கார்ந்திருந்தார். வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார். வீதியில் பழைய சகாக்கள் எதிரே வந்தால் போனில் பேசுவதுபோலக் கடந்துபோனார்கள். முத்துப்பேச்சியின் ஆய்வேட்டில் தயாபரன் கையெழுத்துப் போட மறுத்தார். உதவித்தொகை நின்றது. அவள் அருப்புக்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வழக்குப் போட்டாள். வழக்கறிஞர் நல்லவர். ஆனால் புகார் கொடுத்ததற்குக் கையில் ஒரு காகிதமும் இல்லாமல் என்னம்மா பேசுவது என்று நேரிலேயே சொல்லிவிட்டார்.

விசாரணை நாளன்று ஞானசிகாமணி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் எழுந்து, அப்படி ஒரு புகாரே எங்களிடம் வரவில்லை என்றார். இந்த மாணவியும், தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கும் ஓர் அதிகாரியும் கூட்டுச் சேர்ந்து நிறுவனத்தை அவமானப்படுத்தப் பார்க்கிறார்கள் என்றார். அந்த அதிகாரியின் ஒப்புதல் வாக்குமூலமே எங்கள் கோப்பில் இருக்கிறது, அசல், பத்திரமாகப் பராமரிக்கப்பட்டு வருகிறது, என்று பெருமையோடு கோப்பை நீட்டினார். பக்கத்தில் கோமதிநாயகம் திருப்தியாக உட்கார்ந்திருந்தார்.

நீதிபதி வயதான அம்மாள். முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு, பல்கலைக்கழகத்தில் எந்த அதிகாரியும் செய்யாத காரியத்தைச் செய்தார். பக்கத்தைத் திருப்பினார்.

வெகுநேரம் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"இணைப்பு ஒண்ணுல மனுதாரரோட புகார் முழுசா இருக்கே," என்றார் கடைசியில். "அவங்க கையெழுத்தோட. இது உங்க அலுவலகத்துலதான் இருந்துச்சா?"

வழக்கறிஞர் கோமதிநாயகத்தைப் பார்த்தார். கோமதிநாயகம் கோப்பைப் பார்த்தார்.

"ஓரத்துல இதெல்லாம் என்ன எழுத்து? ஒவ்வொண்ணும் வேற வேற கையா இருக்கு." நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "'என் கட்டுரையும் இதேபோல் போனது. ரெஜினா, வேதியியல்.' கீழே இன்னொண்ணு. 'பக்கம் நான்கில் சொல்லும் கூட்டத்தில் நானும் இருந்தேன். பேச்சி சொல்வது உண்மை. குருபாதம், தாவரவியல்.' இங்க ஒருத்தர், 'நான் கொடுத்த புகார் பீரோவில் மண்ணாகிவிட்டது, அதனால் இங்கே மறுபடி எழுதுகிறேன்'னு ஆரம்பிச்சுப் பக்கத்தைச் சுத்திலும் எழுதியிருக்காங்க. யார் இவங்கள்லாம்?"

கோமதிநாயகம் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "விரல் பணியாளர்கள், அம்மா."

"அவங்க வேலை என்ன?"

"தொடறது."

"தொடச் சொன்னது யார்?"

சிவப்பு மை மேலேயே இருந்தது. நீதிபதி அதையும் வாசித்தார்.

பின்வரிசையில் ஞானசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். படிக்க வேண்டிய அவசியமில்லை என்று சொல்லி வேலைக்கு எடுத்த முனைவர்கள், வாரந்தோறும் கையில் கிடைத்ததைப் படித்திருக்கிறார்கள். ஆறேழு வருடம் படிப்பதையே வேலையாக வைத்திருந்தவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, படிக்காதே தொடு என்றால் அவர்களால் முடியுமா? அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது கண்ணில் நீர் வந்ததால், பக்கத்தில் இருந்தவர் ஏதோ துக்கம் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

புகார், பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ளவர்களின் குழு ஒன்றின் விசாரணைக்குப் போனது. தயாபரன் நெஞ்சுவலி என்று விடுப்பில் போனார். கோமதிநாயகம் வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார், ரோஜாத் தொட்டிகளோடு. முத்துப்பேச்சிக்கு வேறு துறையில் ஒரு வழிகாட்டி கிடைத்தார், அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். குறைபாடுகள் அத்தியாயம் இப்போது ஆய்வேட்டின் பெரிய அத்தியாயம். ஞானசிகாமணி தற்காலிகப் பணிநீக்கத்திலேயே ஓய்வு பெறும் வயதை எட்டினார். மாலை இல்லை, பிரிவுபசார விழா இல்லை. மரத்தாள் கொடுத்த குற்றம் நிரூபணமானதாகவே இருக்கிறது. பல்கலைக்கழகம் இன்றும் மண்தாள்தான் வாங்குகிறது. தரவரிசை இருக்கிறதே.

ஒரே ஒரு பிரச்சினை மிச்சம். கோப்பு இப்போது நீதிமன்றத்தின் ஆவணக் காப்பறையில் இருக்கிறது. அசல் சாட்சி. விசாரணைக் குழு முடித்து, புவித்தளிர் கம்பெனி மேல்முறையீடு செய்து, அது முடிந்து, இன்னொரு மேல்முறையீடு வருகிறவரை அந்தத் தாள் உயிரோடு இருந்தாக வேண்டும். நீதிமன்றத்தில் விரல் பணியாளர்கள் கிடையாது. ஆனால் வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் விண்ணப்பம் கொடுத்துக் கோப்பைப் பார்வையிடலாம் என்று ஒரு பழைய விதி இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் ஞானசிகாமணிதான்.

ஒரு காலை வேளையில் அவர் காப்பறைச் சன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் வேதியியல் ரெஜினா, அவளுக்கு முன்னால் முத்துப்பேச்சி, பின்னால், ஓரத்தில் எழுதியவர்களில் அவருக்குப் பேர் தெரியாத இரண்டு பெண்கள். முறை வந்தபோது சன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"போன மாசம்தானே சார் பார்த்துட்டுப் போனீங்க. அதே கோப்பு, அதே தாளு. மறுபடி எதுக்கு?"

"வயசாகுதுல்ல தம்பி," என்றார் ஞானசிகாமணி, விண்ணப்பத்தை நீட்டியபடி. "என் மேல என்ன குற்றச்சாட்டுன்னு மறந்து மறந்து போகுது."

எழுத்தர் கோப்பை எடுத்து வந்து வைத்தார். ஞானசிகாமணி உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து, ஒன்றுவிடாமல் படிக்க ஆரம்பித்தார்.